'சொல்லு, சொல்லு' என்றால் பேச்சு வராது: குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி ஓர் அறிமுகம்

இரண்டரை வயதுப் பையன். ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறான். ஐம்பது வரை எண்ணுகிறான். நிறங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் சொல்கிறான். தாகம் எடுத்தால் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குடத்தின் முன்னால் நிறுத்துகிறான். வாயைத் திறந்து "தண்ணி" என்று கேட்பதில்லை. "எல்லாம் தெரியுது மேடம், பேசத்தான் மாட்டுறான்." கடலூர், புதுச்சேரிப் பக்கம் பிள்ளையோடு பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெற்றோர் பலர் பேச்சை ஆரம்பிப்பது இப்படித்தான்.

அந்தப் பையனிடம் சொற்கள் இருக்கின்றன. ஒரு சொல்லை இன்னொருவரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஏ ஃபார் ஆப்பிளைச் சொல்ல எதிரில் ஆள் தேவையில்லை. "தண்ணி தா" என்று கேட்க ஆள் வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் தருவார் என்ற நம்பிக்கை வேண்டும். எங்கள் வேலையில் பெரும்பகுதி இதை வரவழைப்பதுதான். நாக்கைப் பிடித்து இழுத்து, 'அ', 'ஆ' சொல்ல வைத்து அனுப்புவார்கள் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். நாங்கள் தரையில் உட்கார்ந்து பந்து உருட்டிக்கொண்டிருப்போம்.

பேச்சுக்கு முன்னால்

பேச்சு பந்தியில் கடைசியாக வரும் பாயசம் மாதிரி. அதற்கு முன்னால் இலையில் விழவேண்டியவை நிறைய உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது, முகம் பார்த்துச் சிரிப்பது, நீங்கள் கை காட்டிய திசையில் பார்ப்பது, தான் பார்த்த காக்காவை உங்களுக்கும் காட்ட விரல் நீட்டுவது, நீ ஒரு தடவை நான் ஒரு தடவை என்று மாறி மாறி விளையாடுவது, "செருப்பு எடுத்துட்டு வா" என்றால் புரிந்துகொள்வது. இவை வந்துவிட்ட பிள்ளை சொல்லில் மட்டும் பின்தங்கினால் அது ஒரு மாதிரி. இவையே வரவில்லை என்றால் வேறு மாதிரி. அதனால் "எத்தனை வார்த்தை பேசுறான்?" என்று கேட்பதற்கு முன்னால் "விரல் நீட்டிக் காட்டுவானா?" என்று கேட்போம்.

வயதுக் கணக்கு தோராயமாகச் சொல்லலாம். ஆறு மாதத்துக்கு மேல் 'பாபா', 'மாமா' என்று மழலை ஒலிகள் தொடர்ச்சியாக வரத் தொடங்கும். ஒரு வயதையொட்டிப் பேருக்குத் திரும்புவது, டாட்டா காட்டுவது, பொருள் புரிந்த முதல் சொல். ஒன்றரை வயதில் கைவிரல் அளவுக்காவது சொற்கள் இருக்க வேண்டும். இரண்டு வயதில் சுமார் 50 சொற்கள், அதோடு "அம்மா வா", "பால் வேணா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும் திறமை. மூன்று வயதுப் பிள்ளை பேசுவதில் முக்கால் பங்காவது பக்கத்து வீட்டுக்காரருக்கும் புரிய வேண்டும். ழ, ற போன்ற ஒலிகள் இன்னும் தாமதமாக வரும். அதற்கெல்லாம் பதற வேண்டாம். வாழைப்பழத்தை வாளப்பளம் என்றே சொல்லிக் காலம் தள்ளும் பெரியவர்கள் எத்தனையோ பேர்.

ஒன்றில் மட்டும் நாள் கடத்தக் கூடாது. வந்த சொற்கள் காணாமல் போனால், எந்த வயதானாலும், உடனே காட்ட வேண்டும். "முன்னாடி அத்தைன்னு சொன்னான், இப்போ சொல்றதில்ல" என்பது சின்ன விஷயம் அல்ல.

"ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பனே மூணு வயசுக்கு மேலதான் பேசினான்" என்று ஆயா, அதாவது பாட்டி, சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டு வயதில் பின்தங்கியிருக்கும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் தானாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். எந்தப் பிள்ளை பிடிக்கும், எது பிடிக்காது என்பதை இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருமுறை காட்டிவிட்டு வருவதில் நட்டமில்லை. காத்திருந்து நாலு வயதில், எல்கேஜி டீச்சர் சொன்ன பிறகு வந்தால், போன இரண்டு வருடம் போனதுதான்.

முதலில் காது

பேச்சு தாமதம் என்று யார் வந்தாலும் முதல் கேள்வி, காது பரிசோதனை ஆயிற்றா? இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை வரும். "டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றான், கதவு தட்டினா திரும்புறான், காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு." கேட்கிறது என்பதும் முழுசாகக் கேட்கிறது என்பதும் ஒன்றல்ல. சில பிள்ளைகளுக்குக் கனத்த ஒலிகள் கேட்கும். 'ச', 'ஸ' போன்ற மெல்லிய, கீச்சான ஒலிகள் கேட்காது. கதவு தட்டும் சத்தத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு "சோறு" என்பதில் பாதிதான் காதில் விழும். கேட்காத ஒலியை எப்படிச் சொல்லும்? அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் காது அடைத்த மாதிரி இருப்பதும் உண்டு. அது வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் காலப்போக்கில் சரியாகும், இல்லையென்றால் சிகிச்சை இருக்கிறது.

சின்னப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க முக்கியமான பரிசோதனைகள் இரண்டு. ஓஏஇ என்பதில் காதுக்குள் சின்ன முனை ஒன்றை வைத்து, உள்காது திருப்பி அனுப்பும் ஒலியைப் பதிவு செய்வார்கள். பிள்ளை அமைதியாக இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரா என்பதில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனை ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் எப்படிப் பதில் சொல்கின்றன என்று பார்ப்பார்கள். அதற்குப் பிள்ளை தூங்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவர் தூக்க மருந்து தருவார். இரண்டிலும் ஊசி இல்லை, வலி இல்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் காது கருவி அல்லது வேறு உதவி தொடங்குவது என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு. நம் பக்கம் அந்தக் கணக்கில் வந்து சேரும் பிள்ளைகள் குறைவு.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி, அதாவது ஒலியை நேராகக் காது நரம்புக்குக் கொண்டுபோகும் கருவி, பொருத்தும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பலருக்கு வாழ்க்கையை மாற்றிய திட்டம். கருவி வைத்ததும் பேச்சு வந்துவிடும் என்று நம்பிப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. கருவி ஒலியைக் கொண்டுவந்து கொடுக்கும். அந்த ஒலி "அப்பா" என்பதைக் கற்றுக்கொடுக்க வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

அறைக்குள் என்ன நடக்கிறது

ஒரு பலூன். பாதி ஊதி, வாயைப் பிடித்தபடி பிள்ளையின் கண் உயரத்தில் வைத்துக்கொள்வேன். "ஊது" என்று ஒரே ஒரு சொல். பிறகு மௌனம். மனதுக்குள் பத்து எண்ணும்வரை ஒன்றும் பேச மாட்டேன். பக்கத்தில் இருக்கிற அம்மாவால் அந்தப் பத்தைத் தாங்க முடியாது. "சொல்லுடா, பலூன் சொல்லு, பி ஃபார் பலூன் சொல்லு தங்கம்." கையைக் காட்டி நிறுத்தச் சொல்வேன். பையன் பலூனைப் பார்க்கிறான், கையால் பிடுங்கப் பார்க்கிறான், முடியவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்க்கிறான். அவ்வளவுதான் வேண்டும். அந்த நொடியே "ஊது!" என்று சொல்லி ஊதிவிடுவேன். சொல் வந்தால்தான் ஊதுவேன் என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. ஆளைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்பது இன்றைய பாடம். அது பிடிபட்ட பின் உதடு குவியும், இன்னும் சில வாரத்தில் 'ஊ' வரும், அப்புறம் 'ஊது'.

ஆரம்பச் சொற்களாக நாங்கள் தேர்ந்தெடுப்பது நிறமோ பழமோ அல்ல. தா, வா, போ, எடு, திற, ஊது, போதும், வேணா. நாள் முழுக்கப் பயன்படுகிற சொற்கள். தமிழ் இந்த வகையில் தாராளமானது: தா, வா, போ மூன்றும் ஒரே அசை, சின்ன வாய்க்கு எளிது. பர்ப்பிள், ஆரஞ்சு சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'தா' தெரியவில்லை என்றால் சொல்லிக்கொடுத்த வரிசையில்தான் கோளாறு.

நம் வீட்டு விளையாட்டுகளில் இதெல்லாம் முன்பே இருக்கிறது. பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, ஆளுக்கொரு வாய் ஊட்டி, நண்டு ஊருகிறது என்று கை வழியாக விரலை ஏற்றி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அதில் முகம் பார்ப்பது, முறை காத்திருப்பது, அடுத்து என்ன என்று எதிர்பார்ப்பது எல்லாம் அடங்கிவிட்டது. அக்குளுக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்திவிட்டு முகத்தைப் பாருங்கள். பிள்ளை கண்ணால், குரலால், உடம்பை நெளித்து "ம், அப்புறம்?" என்று கேட்கும். அதுவும் பேச்சுதான்.

சொல் வந்தும் ஒலி மாறி வரும் பிள்ளைகளுக்கு வேலை வேறு. காக்காவைத் 'தாத்தா' என்று சொல்லும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 'க' வாயின் பின்பக்கம் பிறக்கும் ஒலி. அதை முன்பக்கத்து 'த'வாக்கிவிடுகிறது. சின்ன வயதில் இது சகஜம், நாலு வயதிலும் விடவில்லை என்றால் பயிற்சி. இரண்டு படம் வைப்போம்: ஒன்றில் காய், இன்னொன்றில் தாய். "எனக்கு எது வேணும்னு நீ சொல்லு, நான் எடுத்துத் தர்றேன்." பிள்ளை காயை நினைத்து 'தாய்' என்கிறது. நான் தாய் படத்தைத் தருகிறேன். முகம் சுருங்கும். "இது இல்ல!" மறுபடி 'தாய்', மறுபடி தாய் படம். தன் வாயிலிருந்து வருவது தான் நினைத்தது அல்ல என்பது அப்போதுதான் அதன் காதுக்கே எட்டுகிறது. அதற்குப் பிறகு நாக்கை எங்கே வைப்பது என்று காட்டினால் ஏறும். மெழுகுவத்தி ஊதுவது, விசில் அடிப்பது, நாக்கை வெளியே நீட்டி மூக்கைத் தொடுவது போன்றவற்றால் ஒலி திருந்தும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. மாதக்கணக்கில் அதை மட்டுமே செய்யச் சொல்கிற இடமானால் ஏன் என்று கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

திக்குவாய் பற்றிச் சுருக்கமாக. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் "நா நா நா நான்" என்று தட்டுவது பல பிள்ளைகளுக்கு வந்து போகும். "மெதுவா சொல்லு, மூச்சு விட்டுட்டு சொல்லு" என்று திருத்தாதீர்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அது முடிக்கும்வரை காத்திருங்கள். ஆறு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, முகத்தை இறுக்கிக்கொண்டு பேசினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ காட்டிவிடுங்கள்.

எவ்வளவு முயன்றும் வாய்ப்பேச்சு சிரமமாகவே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் படஅட்டைகள், தொட்டால் குரல் கொடுக்கும் செயலிகள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். படத்தைக் கொடுத்தால் பேசவே மாட்டான் என்று பெற்றோர் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. கேட்டது கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைக்கு அழுகையும் கடியும் குறைகிறது, சிலருக்குப் பேச்சும் கூடுகிறது.

மிச்ச நேரமெல்லாம் வீடு

வாரத்தில் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணி என்றே வைத்துக்கொண்டாலும் பிள்ளை எங்களிடம் இருப்பது ஒன்றரை மணி நேரம். மிச்சம் முழுக்க வீட்டில். அதனால் நல்ல பயிற்சியாளர் பெற்றோரை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்த மாட்டார்.

வீட்டில் செய்ய வேண்டியது தனி 'கிளாஸ்' அல்ல. முறுக்கு டப்பாவை இறுக்கி மூடிக் கையில் கொடுங்கள். திறக்க உங்களிடம் வந்தாக வேண்டும். பிஸ்கட்டை முழுசாகத் தராமல் உடைத்துத் துண்டு துண்டாகத் தாருங்கள். ஒரு தடவை கேட்பது நாலு தடவையாகும். இரண்டு கையிலும் காட்டி "வாழைப்பழமா, பலாச்சுளையா?" என்று கேளுங்கள். பண்ருட்டிப் பழம் வரும் காலத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். குளிப்பாட்டும்போது "தண்ணி ஊத்தறேன், தலைக்கு ஊத்தறேன், ஐயோ கண்ணுல போச்சு" என்று செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பிள்ளை ஒரு சொல் சொன்னால் நீங்கள் ஒன்று கூட்டிச் சொல்லுங்கள். அது "காக்கா" என்றால் நீங்கள் "காக்கா போச்சு". "தாத்தா" என்று சொன்னால் "தப்பு, க, க சொல்லு" வேண்டாம், "ஆமா, காக்கா!" போதும். சரியானது காதில் விழுந்துவிட்டது.

கேள்விகளைக் குறையுங்கள். இது என்ன, அது என்ன, மாமா பேரு என்ன, சொல்லு, சொல்லு. விருந்தாளி வந்தால் இன்னும் மோசம். நாள் முழுக்கத் தேர்வு வைத்தால் பெரியவர்களே வாயை மூடிக்கொள்வார்கள்.

போன் பற்றிச் சொல்லாமல் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போனில் பாட்டு பார்த்தால் சொல் கற்காதா என்றால், சில சொல் கற்கும். ஆனால் போன் காத்திருக்காது. பிள்ளை முகம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதன்பாட்டுக்கு ஓடும். போன் பார்த்ததால்தான் ஆட்டிசம் வந்தது என்று அம்மாவைக் குற்றம் சொல்லும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: அப்படி வருவதில்லை. அம்மாவை விட்டுவிடுங்கள். சாப்பாட்டு நேரப் போனை மட்டும் நிறுத்திப் பாருங்கள், மூன்று வேளை பேச்சு நேரம் கையில் கிடைக்கும்.

இன்னொன்று, மொழி. புதுச்சேரியில் வீட்டில் தமிழும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலமும், சில குடும்பங்களில் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கும். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. "குழம்பிடுவான், இனிமே இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க" என்று எங்காவது சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தமிழிலேயே பேசுங்கள். உங்களுக்குச் சரளமாக, கோபமும் கொஞ்சலும் கதையும் எந்த மொழியில் வருமோ அதில்தான் பிள்ளைக்கு அதிகம் கிடைக்கும். "கம், சிட், ஈட்" என்று மூன்று சொல்லில் குடும்பம் நடத்தினால் பிள்ளைக்குக் கிடைப்பதும் மூன்று சொல்தான்.

வசம்பு சுட்டு நாக்கில் தடவுவது, தேன் வைப்பது பற்றியும் கேட்பார்கள். இவற்றால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்தும்கூட. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரால் குழந்தைக்குக் கடுமையான நச்சுப் பாதிப்பு வரலாம். நாக்கின் அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேசும் என்பதும் பெரும்பாலும் தவறு. அப்படி இருந்தால் ல, ர போன்ற சில ஒலிகளில் சிரமம் வரலாம். பேசவே பேசாததற்கு அது காரணமாக இருப்பதில்லை.

எங்கே போவது

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்க மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். உங்கள் ஊர் அங்கன்வாடி அக்காவிடம் கேட்டால் எப்போது வருகிறார்கள் என்று தெரியும். அவர்கள் அனுப்பும் இடம் டி.இ.ஐ.சி. என்று சொல்லும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம். குழந்தை மருத்துவர், காது கேட்பியல் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது அந்த மையத்தின் அமைப்பு. காசு கிடையாது. கடலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலர் பஸ் ஏறிக் கோரிமேடு ஜிப்மருக்கும் போகிறார்கள். ஓபி சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது.

தனியார் மையம் என்றால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு உண்டா? 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த வேலையைச் செய்ய அந்தப் பதிவு வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு எண் இருக்கும். ஒரு வருடத்தில் பேச வைக்கிறோம் என்று உத்தரவாதம் தருகிற இடத்துக்குப் போகாதீர்கள். பிள்ளையைப் பார்க்காமலே யாரும் அப்படிச் சொல்ல முடியாது, பார்த்தவர் சொல்லமாட்டார்.

முதல் தடவை வரும்போது தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, ஏற்கெனவே எடுத்த காது ரிப்போர்ட் இருந்தால் அது. பிள்ளை வீட்டில் இயல்பாக விளையாடுகிற இரண்டு நிமிட வீடியோ ஒன்று போனில் இருக்கட்டும். புது இடத்தில் வாயே திறக்காத பிள்ளைகள் வீட்டில் கத்திக்கொண்டிருப்பதை அதில்தான் பார்ப்போம். தூங்கும் நேரத்தில் அழைத்து வராதீர்கள். பிடித்த பொம்மையோ கரண்டியோ, எதைப் பிடித்துக்கொண்டு திரிகிறதோ அதையும் கொண்டு வாருங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவராக இருந்து, பகல் முழுக்கப் பிள்ளை ஆயாவிடம் வளர்கிறது என்றால் ஆயாவும் வர வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும் உங்களிடம் இருப்பதைவிட அதிகம்.